என் குடலும் ஹெட்கிளார்க்கின் சாவியும்

"சார், சாவி."

ஏகாம்பரம் சார் டிராயரைத் திறக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஹாலில் அவரையும் சேர்த்து ஒன்பது ஆண்கள். எல்லோருடைய பேனாவும் நின்றுவிட்டது. மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"காலைலேர்ந்து இது எத்தினியாவது தடவைம்மா?"

பதில் வேண்டி அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதற்கு முந்தைய நாள் வரைக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டு, "சாரி சார்" என்று முனகியவள்தான். அன்றைக்குக் குனியவில்லை.

"அஞ்சாவது, சார். மூணு மணிக்குள்ள ஆறாவது தடவ வருவேன். அப்பவும் இதே மாதிரி கேப்பேன்."

சிரித்தவர்கள் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஹெட்கிளார்க் டிராயரைத் திறந்து சாவியை மேஜை மேல் வைத்தார்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸின் சாவி அது. கோயிலுக்கு வரும் கூட்டம் உள்ளே நுழைந்துவிடும் என்று எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். சாவியை யாரும் மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோகாமலிருக்க ஒரு சாண் நீளக் கட்டையில் கட்டியிருந்தார்கள். மடியில் சொருக முடியாது, முந்தானையில் மறைக்க முடியாது. கட்டையைக் கையில் பிடித்தபடி அத்தனை மேஜைகளையும் தாண்டி, பின்வாசலில் இறங்கி, புங்க மரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மரத்தைத் தாண்டினால் மலை முழுசாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறார்கள். நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை பார்த்தேன். எனக்கு ஏதாவது புண்ணியம் சேர்ந்திருந்தால் அது கக்கூஸுக்குப் போன வகையில் சேர்ந்ததுதான்.

இதையும் எழுதணுமா?

இந்தத் தொடரில் போன வாரம் தட்டச்சுப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் தம்பி போன் செய்தான்.

"அடுத்தது ஆபீஸ் கததான? அப்ப அந்த விஷயத்தயும் எழுதப் போறியா?"

"எழுதாம?"

"அக்கா, சில பேரு சாப்புட்டுக்கினே படிப்பாங்க."

சாப்பிட்டுக்கொண்டே படிக்கட்டும். சாப்பிட்டது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. நெஞ்சு வலி வந்தவர் அதைப் பத்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்கிறார். சர்க்கரை வந்தவர் கல்யாணப் பந்தியில் பெருமையோடு பாயசத்தை மறுக்கிறார். குடல் மட்டும் என்ன பாவம் செய்தது? முப்பது வயதுக்குள் நான் பட்ட அவமானத்தில் பாதி, இந்த நோயால் வந்ததில்லை. இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையால் வந்தது.

ஆகவே திறக்கிறேன்.

அப்பா வெட்டிய குழி

எழுபதுகளின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆடியில் அது ஆரம்பித்தது. முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தோம். அம்மா மாதுளந்தோலை இடித்துக் கஷாயம் வைத்தாள். கொய்யாக் கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள். வெந்தயத்தைத் தயிரில் ஊறவைத்துக் கொடுத்தாள். மூன்று நாளில் நிற்க வேண்டியது மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. பிறகு ரத்தமும் வந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி, மல்லாட்டை போடுவார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஏரிக்கரைப் பக்கம் போய் வருவார்கள். அடுத்து, இருட்டின பிறகு. நடுவில் இருக்கிற பன்னிரண்டு மணி நேரம் பெண்களுக்கு வயிறே கிடையாது என்பது ஊர் ஏற்பாடு.

என் வயிறு அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் கள்ளி வேலிக்குப் பின்னால் நான் ஓடியதை, மல்லாட்டை மூட்டையோடு வண்டியில் வந்துகொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டார்.

மாட்டை அவிழ்த்துக் கட்டினார். கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். வெட்டும் சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார்.

"இன்னாடா இது, வூட்டாண்டயே கக்கூஸு கட்றியா? வூட்ல லட்சுமி தங்குவாளா?"

இடுப்பளவு குழிக்குள் நின்றபடி அப்பா சொன்னார்: "எம் பொண்ணு வயித்தப் புடிச்சிக்கினு வெயில்ல ஓடறா. அத நான் பாத்துக்கினு இருந்தா மட்டும் லட்சுமி தங்கிடுவாளா? அந்தக் கூடைய எடு. மண்ண வாரு."

பெரியப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மண்ணை வாரினார்.

பெயர் கிடைத்த நாள்

உள்ளூரில் பார்த்த வைத்தியம் எதற்கும் அடங்காமல் போகவே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். எல்லோரும் பஸ்ஸில் போவார்கள். நான் ரயிலில் போனேன். பாசஞ்சர் வண்டி, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று போகும். அம்மா அலுத்துக்கொண்டாள். "பஸ்ஸுல போனா எப்பவோ போயிருக்கலாம்."

"பஸ்ஸுல கக்கூஸ் இருக்காம்மா?"

அம்மா சுற்றும் முற்றும் பார்த்து, "மெதுவாப் பேசேன்டி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெள்ளை மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். எதுவும் சுகமாக இல்லை, விவரிக்காமல் விடுகிறேன். கடைசியில் அந்த டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் எதிரில் உட்காரவைத்து, காகிதத்தில் பெருங்குடலை வரைந்து காட்டினார்.

"இந்த இடத்துல புண்ணு இருக்கு. பெருங்குடல் புண்ணுன்னு இதுக்குப் பேரு. ஏன் வருதுன்னு எங்களுக்கும் சரியாத் தெரியல. நீ தின்ன எதனாலயும் வரல, யாரும் செய்வினை வெச்சதாலயும் வரல. மாத்திரைல அடங்கும். மறுபடி எப்பனா தலை தூக்கும். மறுபடி அடக்கலாம். ஒரேயடியாப் போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அம்மாவுக்கு அதில் எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "கல்யாணம் பண்ணா சரியாப் போயிடுமாம்மா?"

"புருஷன் மருந்து இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

நான் சிரித்துவிட்டேன். பல மாதம் கழித்து வந்த முதல் சிரிப்பு. தீராத நோய் என்று கேட்டுவிட்டு அழ வேண்டியவள் சிரிக்கிறாளே என்று அம்மா பயந்துபோனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரைக்கும் அதைச் சூடு என்றார்கள், திருஷ்டி என்றார்கள், யாரோ வைத்த மை என்றார்கள், கண்டதைத் தின்றிருப்பாள் என்றார்கள். இப்போது அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரிந்துவிட்டால் எதிரே நின்று திட்டலாம்.

மஞ்சள் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு. கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரையில் என் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. ஊரில் எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளி, "பொண்ணு நல்லா தேறிட்டா" என்று அம்மாவிடம் சொன்னார்கள். உள்ளே எத்தனை புண் என்று எனக்கும் டாக்டரம்மாவுக்கும்தான் தெரியும்.

ஜைத்தூன் பீ வீட்டு வாசல்

வீட்டில் அப்பா வெட்டிய குழி இருந்தது. அலுவலகத்தில்தான் பாடு.

சாவி கேட்கக் கூசிக்கொண்டு ஒரு தந்திரம் செய்தேன். காலையில் ஒரு வாய் சோறு தின்னாமல் கிளம்புவேன். சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்று நினைத்தேன். என் நோய்க்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. சோறு இல்லாவிட்டால் ரத்தத்தை அனுப்பியது. ஏழு மாதத்தில் என் ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. ஏகாம்பரம் சார் கருவூலத்துக்குப் போயிருந்தார். டிராயரைப் பூட்டி, அதன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். பதினொன்றரை மணிக்கு எனக்கு வயிற்றை முறுக்கியது. இந்த நோய்க்காரர்களுக்குத் தெரியும். முறுக்க ஆரம்பித்தால் நமக்குக் கிடைக்கும் அவகாசத்தை மூச்சை எண்ணிச் சொல்லிவிடலாம்.

வாசலுக்கு ஓடினேன். தெருவைக் கடந்தேன். எதிரே வளையல் வியாபாரம் செய்யும் ஜைத்தூன் பீயின் வீடு. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் உண்டு என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டினேன். திறந்தார். ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது. பட்டப்பகலில், கடைத்தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் அப்படியே நின்றேன்.

ஜைத்தூன் பீ என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். புடவையை ஒரு தடவை பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கிணற்றடியில் அவரே நீர் சேந்தி ஊற்றினார். நான் அழுத அழுகையில் எனக்கே என் குரல் தெரியவில்லை.

"ரோ நக்கோ பேட்டி" என்றார். "அழுவாத மவளே. வயிறுதான? யாருக்கு இல்ல? நவாபுக்கும் இருந்திச்சு."

"நான் வேலைய வுட்டுடறேம்மா."

"வேலைய வுட்டா வயிறு சரியாயிடுமா?"

உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

"வயிறும் போயி, வேலையும் போயி, அப்புறம் இன்னா இருக்கு உங்கிட்ட?" என்று கேட்டபடி தன் புடவை ஒன்றை நீட்டினார். சிவப்பில் பெரிய பெரிய மஞ்சள் பூ. நான் ஜென்மத்தில் அப்படியொரு புடவை கட்டியதில்லை.

வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று போயிருந்தால் மறுநாள் திரும்பி வந்திருக்க மாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பூப்போட்ட சிவப்புப் புடவையும் ஈரத் தலையுமாகத் தெருவைக் கடந்து, அலுவலகத்துப் படியேறி, அத்தனை மேஜைகளையும் தாண்டிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்த ஸ்டென்சிலை அடித்து முடித்தேன். அதில் ஒரு பிழை இல்லை.

மறுநாள் காலை வீட்டில் நான்கு இட்லி தின்றேன். அம்மா பதறினாள். "ஆபீஸ்ல தொந்தரவு ஆயிடப்போவுதுடி."

"ஆனா ஆவட்டும்" என்று மோரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் சொன்ன ஐந்தாவது தடவை அன்றைக்குத்தான்.

நாலு காப்பி

ஆறாவது தடவை இரண்டே முக்காலுக்குப் போய்க் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். குரலைத் தாழ்த்தவில்லை.

ஏகாம்பரம் சார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரிடமும் கை நீட்டாதவர். அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பெண் பிள்ளை சபையில் நிமிர்ந்து நின்று கக்கூஸ் சாவி கேட்பது அவரைப் பொறுத்தவரை ஒழுங்கீனம். ஒழுங்கீனத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து, மேலே எழுதுவது.

பத்து நாள் போயிருக்கும். என் மேஜையில் ஒரு கையெழுத்துப் பிரதியை வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "நாலு காப்பி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மெஷினில் காகிதத்தைச் சொருகிவிட்டுத்தான் படித்தேன்.

'பொருள்: பணியாளர் - தட்டச்சர் - அலுவலக நேரத்தில் அடிக்கடி இருக்கையை விட்டு அகளுதல் - மருத்துவத் தகுதி - மறுபரிசீலனை செய்யக் கோருதல்.'

என்னைப் பற்றித்தான். என்னை வேலைக்குத் தகுதியில்லாதவள் என்று சொல்லி அனுப்பிவிடப் பார்க்கிறார். அதை நானேதான் அடிக்க வேண்டும். ஏனென்றால் அந்த அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்த ஒரே ஆள் நான்.

அந்தச் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். அதைவிடப் பெரிய விஷயம், காலையில் மடிப்பு வைத்துப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து ஒரு நாற்காலியில் உட்காருகிறேனே, அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது.

அடித்தேன். நாலு காப்பி, மூன்று கார்பன். 'அகளுதல்' என்று ளகரம் போட்டிருந்தார். 'அகலுதல்' என்று திருத்தி அடித்தேன்.

பிறகு இன்னொரு காகிதம் சொருகினேன். அதற்கும் மூன்று கார்பன். என் நோயின் பெயரை எழுதினேன். டாக்டரம்மா கொடுத்த சான்றின் நகலை இணைத்தேன். வேலைக்குத் தகுதியானவர், அருகில் கழிப்பறை இருக்க வேண்டும் என்று அதில் அவர் எழுதியிருந்தார். சேர்ந்த நாள் முதல் என் மேஜையில் ஒரு தாளும் நிலுவையில் கிடந்ததில்லை, பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கடைசியில் ஒரு கோரிக்கை: அலுவலகக் கழிப்பறைப் பூட்டை எடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும்போது யாரோ பின்னால் நிற்பது தெரிந்தது. சுலோச்சனா அக்கா. பதிவறையில் கிளார்க். என்னைத் தவிர அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே பெண். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேச மாட்டார்.

முழுவதையும் நின்றபடியே படித்தார். "பேனாவக் குடு" என்றார்.

"உங்களுக்கு எதுக்குக்கா வம்பு?"

"நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆவுது, அம்சா. இந்த ஆபீஸ்ல நான் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. அந்தக் கட்டையக் கைல புடிச்சிக்கினு இவங்க எதுர்ல நடக்க முடியாமதான். ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து, ஜுரத்துல படுத்தேன். எங்க வூட்டுக்காரருக்கே எதனாலன்னு தெரியாது."

என் கையெழுத்துக்குக் கீழே, மணிமணியாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

கட்சி மாறிய வெட்கம்

அந்த மாதக் கடைசியில் வேலூரிலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். இரண்டு காகிதங்களும் ஒரே ஃபைலில் ஒன்றின் கீழ் ஒன்றாக அவர் மேஜைக்குப் போயிருந்தன. எங்களைக் கூப்பிட்டார். ஏகாம்பரம் சார் ஒரு பக்கம், நானும் சுலோச்சனா அக்காவும் ஒரு பக்கம்.

"இத டைப் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"உம் மேலயே இருக்கற புகார நீயே டைப் பண்ணியா?"

"ஆமா சார். வேலை வந்தா செஞ்சிடுவேன். நிலுவை வெக்கறதில்ல."

அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. கழிப்பறை என்ற சொல்லை வாயால் சொல்ல அவருக்குக் கூசியது. "அது... இந்த... அந்த வசதி..." என்று தடுமாறினார். நான் உதவி செய்தேன்.

"கக்கூஸ் சார். பூட்டி வெச்சிருக்காங்க. சாவி இவர் டிராயர்ல இருக்குது. எனக்கு இருக்கற வியாதிக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ போவணும். இவங்களுக்கு வியாதி ஒண்ணுமில்ல, ஆனா பதினோரு வருஷமா போவல."

மேலதிகாரி கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏகாம்பரம் சார் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இதெல்லாம் ஒரு மேட்டர்னு எங்கிட்ட வரைக்கும் ஏன்யா கொண்டாறீங்க? இங்கயே பாத்து முடிக்கத் தெரியாதா?"

எங்களுக்காகப் பரிந்து அவர் பேசவில்லை. அந்த அறையை விட்டுச் சீக்கிரம் தப்பிக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. ஆனால் எனக்கு அது போதும். அத்தனை வருஷமாக வெட்கம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எழுந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது.

உத்தரவு என்று ஒரு வரியும் யாரும் எழுதவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தபோது பின்வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டியிருந்தார்கள். கட்டை இல்லை. ஏகாம்பரம் சார் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. கொடுக்கும் வேலையை மட்டும் முன்னைவிடத் திருத்தமாக எழுதிக் கொடுத்தார். ளகர லகரப் பிழை பிறகு வந்ததேயில்லை.

சுலோச்சனா அக்கா வீட்டிலிருந்து ஒரு மண் கூஜா கொண்டுவந்து தன் மேஜை மேல் வைத்தார். பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, எல்லோரும் பார்க்க அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

நோய் போய்விடவில்லை. டாக்டரம்மா சொன்னபடி நடுநடுவே தலை தூக்கியது. ஒரு கார்த்திகையில், ஊரே தீபத்துக்குக் கூடியிருக்க, நான் வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொட்டு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்தேன். அடங்கியிருக்கிற மாதங்களில் ஒரு நாளும் வீணாக்கவில்லை. பதவி உயர்வுத் தேர்வு எழுதினேன். காலை நேரத்தில் மலையைச் சுற்றி நடந்தேன். வழியில் எந்த வீட்டில் யார் கதவு திறப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. கூச்சப்படாமல் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் திறப்பார்கள். மற்ற இரண்டு பேரை மறந்துவிடலாம்.

பெண் பார்க்க வந்தவர்கள்

எண்பது பிறந்த பிறகு அம்மா மாப்பிள்ளை தேட ஆரம்பித்தாள். நிபந்தனை ஒன்றுதான்: நான் வாயைத் திறக்கக் கூடாது. "தாலி ஏறட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

முதலில் வந்த குடும்பத்திடம் காபி கொடுத்த கையோடு நானே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அடுத்து வந்தவர்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்; இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவதாகத் தன் அக்காவோடு வந்தவர் தங்கவேல். வேங்கிக்காலில் வீடு. டவுனில் பம்புசெட் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் போகாமல் இருந்தது. அவரிடமும் சொன்னேன். பெயர், மாத்திரை, ரத்தம், ஒன்றையும் விடவில்லை.

அவர், "அப்ப நீங்க இன்னா சாப்புடுவீங்க?" என்றார்.

எதைத் தின்னக் கூடாது என்று எனக்குச் சொல்லாத ஆள் அந்த ஜில்லாவில் இல்லை. மிளகாய் கூடாது, மல்லாட்டை கூடாது, கீரைத்தண்டு கூடாது, கல்யாண வீட்டில் கை நனைக்கக் கூடாது. என்ன சாப்பிடுவாய் என்று அதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை.

"கொழைய வடிச்ச சோறு. கடஞ்ச மோர். இட்லி எத்தினி வேணா. சொரக்கா கூட்டு, பூசணிக்கா, தோலெடுத்த பயத்தம்பருப்பு. ஏலக்கி வாழப்பழம். ஒடம்பு நல்லாருந்தா மீன் கொழம்பு, காரம் கம்மியா. மாசத்துல ஒரு நாளு எதயும் பாக்காம ஒரு மசாலா தோச. அதுக்கப்புறம் ரெண்டு நாளு படுவேன். பரவால்ல."

"சொரக்கா எனக்கு ஆவாது" என்றார்.

"ஆவலன்னா நீங்க சாப்புடாதீங்க. நான் சாப்புடுவேன்."

அவருடைய அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். உள்ளே அம்மா மூச்சை விட்டது கூடத்துக்குக் கேட்டது. நான் அத்தோடு விட்டிருக்கலாம்.

"உங்க வூட்ல கக்கூஸ் இருக்குதா?" என்று கேட்டேன்.

சமையல்கட்டில் ஏதோ தட்டு விழுந்தது.

"இல்லீங்க. நாங்க காட்டுப் பக்கந்தான்..."

"அப்ப கட்டிட்டு வாங்க. கட்டின பெறவு பேசலாம்."

அவர்கள் போனதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வலிய வந்த மாப்பிள்ளையைக் கக்கூஸ் கேட்டு விரட்டியவள் என்று என் பெயர் உறவு முழுக்கப் பரவியது. ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதமும் பாதி போயிற்று. நான் கேட்டது தப்பில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அலுவலகம் விட்டு வரும்போது, வாசலில் புதிதாகச் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அலுவலக வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி தங்கவேல் நின்றிருந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட்.

"கட்டிட்டேங்க. வந்து பாக்கறீங்களா?"

சுலோச்சனா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணம் ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்து போகிறாள் என்று வேங்கிக்கால் தெருவே வெளியே வந்து நின்றது. கிணற்றைத் தாண்டி, புதுசாகச் சுண்ணாம்பு அடித்த நாலு சுவர். ஓட்டுக் கூரை. தகரக் கதவு. வாளியில் தண்ணீர்கூட நிரப்பி வைத்திருந்தார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். ஆட்டிப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. யாரும் தட்டவில்லை, யாரும் எண்ணவில்லை. அவசரமே இல்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு வெளியே வந்து, கூடி நின்ற தெருவுக்கும் கேட்கும்படி அவர் அக்காவிடம் சொன்னேன்:

"நாள் பாக்கச் சொல்லுங்கக்கா."